மானுக்குப் புல் வளர்ப்பது எப்படி?

மழை தொடங்கியதும் புணேயின் போசரி தொழிற்பேட்டைப் பக்கம் மரக்கன்று நடும் விழாக்களும் தொடங்கிவிடும். நகருக்குள் நட்டால் நல்லதுதான். அதே கன்றுகளைத் தென்கிழக்கே பாராமதி, இந்தாபூர் வெட்டவெளிகளில் கொண்டுபோய் நட்டால், அங்குள்ள சிங்காரா மான்களின் சாப்பாட்டில் கை வைத்தது போலாகும்.

மோர்காவ் பிள்ளையார் கோயிலுக்குப் போயிருப்பவர்களுக்கு அந்த வறண்ட நிலம் தெரிந்திருக்கும். அந்தப் பிள்ளையாரான மயூரேஷ்வரர் பெயரிலேயே, சுபே ஊரருகில், 1997-இல் ஒரு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பரப்பு 5.14 சதுர கிலோமீட்டர்தான். அங்கே வாழும் சிங்காரா, கொம்பை உதிர்க்காத இரலை இனம். தண்ணீர் குறைவாகக் கிடைத்தாலும் புல், இலை, பழங்களின் ஈரத்தை வைத்தே சமாளிக்கும்.

மானுக்கென்று தீனி வளர்ப்பது புதிதல்ல. அமெரிக்காவில் வெள்ளைவால் மான்களுக்கென்றே குளோவர், ஓட்ஸ், டர்னிப் விதைத்துத் தனி வயல் போடுகிறார்கள், பெரும்பாலும் வேட்டைக்காக. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு முடிவு கட்டியது. ஆனால் மானுக்காக மேய்ச்சல் நிலத்தைப் பேணும் வேலை இங்கும் உண்டு. மத்தியப் பிரதேசத்துக் கான்ஹாவில், பாரசிங்கா மான்கள் 1970-இல் வெறும் 66 ஆகச் சுருங்கின. புல்லைத் தவிர வேறெதையும் அவை அதிகம் தொடுவதில்லை. குட்டியை மறைத்து வைக்கவும் உயர்ந்த புல் வேண்டும். கிராமங்கள் இடம்பெயர்ந்த நிலங்கள் புல்வெளிகளாயின, வேலியிட்ட அடைப்பில் மான்கள் பெருகின. இப்போது எண்ணிக்கை ஆயிரத்தை ஒட்டியிருக்கிறது.

மகாராஷ்டிரத்தின் தாடோபாவிலும் மக்கள் வெளியேறிய ஊர்களின் வயல்கள் இப்படித்தான் மாறின. ஆனால் நிலத்தைச் சும்மா விட்டால் புல்லுக்கு முன்னால் தகரையும் பார்த்தீனியமும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவை பூத்து விதை விழுவதற்கு முன் பிடுங்க வேண்டும். பிறகு அந்த வட்டாரத்திலேயே சேகரித்த புல்விதையை மழையோடு விதைக்க வேண்டும். மார்வேல் புல் மானுக்கு விருப்பமானது. ஊசிப்புல்லோ இளசாக இருக்கும்வரை உணவு, முற்றினால் வாயைக் குத்தும். அதனால் பல வகை கலந்திருப்பதே நல்லது. ஒரு வகை முற்றும்போது இன்னொன்று தளிர்விடும்.

புல்லின் வளர்முனை தரையை ஒட்டி இருக்கிறது. மேய்ந்தாலும் மீண்டும் எழுவது அதனால்தான். ஆனால் இந்த வெயில் நிலத்துப் புற்களுக்கு நிழல் ஆகாது. புணே சுற்றுவட்டாரப் புல்வெளிகளில் நட்ட கிளிரிசிடியா மரங்களின் அடியில் புல் மெலிந்துபோனதற்குக் காரணம் இதுதான். காங்கேயத்தில் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் வைத்திருக்கும் விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம். கொழுக்கட்டைப் புல் செழிக்கட்டும் என்று வெள்வேல மரங்களை இடைவெளி விட்டுத்தான் வளர்ப்பார்.

புல்லுக்குப் பதில் மானுக்குத் தானியம் கொட்டினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் நார்த்தீனிக்குப் பழகியவை. திடீரென்று தானியம் குவிந்தால் அமிலம் பெருகி, விலங்கு செத்தும் போகலாம். கூட்டமாக ஒரே இடத்தில் தின்ன வைத்தால் நோயும் எளிதில் பரவும்.

வருகிற ஜூலையில் உங்கள் கம்பெனி மரம் நட அழைத்தால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த இடம் உண்மையில் தரிசா, இல்லை ஆவணத்தில் தரிசு என்று எழுதப்பட்ட புல்வெளியா? புல்வெளி என்றால் கன்றுகளை ஊருக்குள்ளேயே நட்டுவிடச் சொல்லுங்கள்.