அடையாற்று நுரையின் வேதியியல்

சென்னையின் வடபகுதியான மணலியில் மண்ணெண்ணெயை மூலமாகக் கொண்டு ஆக்கப்படும் ஒரு வேதிப்பொருள், இன்னும் சில தொழிற்கூடங்களைக் கடந்து சலவைத்தூளாகவும் பாத்திரம் துலக்கும் கட்டியாகவும் மாறி, அபிராமபுரம், மந்தைவெளி, மயிலாப்பூர் போன்ற பகுதிகளின் வீடுகளில் சில நிமிடங்கள் பயன்பட்டபின் கழிவுநீரோடு வெளியேறுகிறது. அக்கழிவுநீர் செல்லும் பாதையைப் பொறுத்து, அப்பொருள் பெரும்பாலும் சிதைந்து மறைந்துவிடலாம். அல்லது அடையாற்றின் முகத்துவாரத்தில் நுரையாகப் பொங்கலாம். ஒரே பொருள் இவ்வாறு இருவேறு முடிவுகளை அடைவது ஏன் என்பதை அறிய, அதன் மூலக்கூறு அமைப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

நீரின் மேற்பரப்பில் உள்ள மூலக்கூறுகள் உள்நோக்கி இழுக்கப்படுவதால், அப்பரப்பு சுருங்க முயன்றுகொண்டே இருக்கிறது; இதுவே பரப்பு இழுவிசை எனப்படும். அறை வெப்பநிலையில் தூய நீருக்கு இது மீட்டருக்கு ஏறத்தாழ 72 மில்லிநியூட்டன். இவ்விசையின் காரணமாகவே தூய நீர் துணியின் இழைகளுக்குள் எளிதில் ஊடுருவுவதில்லை. சிறிதளவு சலவைப்பொருள் கரைந்தாலும் இம்மதிப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். இவ்வாறு பரப்பில் குவிந்து அதன் இழுவிசையைக் குறைக்கும் பொருள்கள் பரப்புச் செயலிகள் என்று அழைக்கப்படுகின்றன. இவற்றின் மூலக்கூறு நீரை விரும்பும் தலைப்பகுதியும், நீரை விலக்கி எண்ணெயை நாடும் நீண்ட வால்பகுதியும் கொண்டது. கரைசலின் செறிவு ஓர் எல்லையைத் தாண்டும்போது வால்கள் உள்ளேயும் தலைகள் வெளியேயும் அமையும்படி மூலக்கூறுகள் திரண்டு, மைசெல் எனப்படும் நுண்கோளங்களாகின்றன. துணியிலும் பாத்திரத்திலும் ஒட்டியிருந்த எண்ணெய் இக்கோளங்களுக்குள் சிறைப்பட்டு நீரோடு அகல்கிறது. நுரை மிகுந்தால் அழுக்கு நன்றாகப் போகும் என்ற நம்பிக்கைக்கு இந்தச் செயல்முறையில் ஆதாரம் எதுவும் இல்லை. முன்புறம் திறக்கும் சலவை இயந்திரங்களுக்கான தூள்கள் நுரை குறைவாக இருக்கும்படியே தயாரிக்கப்படுகின்றன.

தமிழகத்தில் அழுக்கை நீக்கும் இப்பண்பு நெடுங்காலமாகப் பயன்பாட்டில் இருந்துவந்தது. சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் உள்ள சபோனின் என்னும் பொருள் இயற்கையான பரப்புச் செயலியே. சலவைக்குப் பயன்பட்ட உவர்மண்ணோ, தன்னிலுள்ள காரத்தால் துணியின் கொழுப்பைத் தாக்கி அழுக்கை இளக்கியது. பின்னர் வந்த சோப்பு, கொழுப்பு அமிலங்களின் சோடிய உப்பு ஆகும். அது மென்னீரில் நன்றாகச் செயல்பட்டாலும், கடலோரச் சென்னையின் பல ஆழ்துளைக் கிணறுகளில் கிடைக்கும் உப்புத் தண்ணீரில், அதாவது கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடின நீரில், கரையாத உப்பாகத் திரிந்து வெள்ளைப் படிவாக ஒதுங்கிவிடுகிறது. கடின நீரிலும் திரியாத டிடர்ஜென்ட் எனும் செயற்கைச் சலவைப்பொருள் மக்களிடம் வேரூன்றியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இந்தியாவில் 1959-இல் சர்ஃப் சலவைத்தூள் அறிமுகமாயிற்று. 1969-இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் தொடங்கிய நிர்மா, அதைவிடக் குறைந்த விலையில் சலவைத்தூளை எளிய குடும்பங்களிடம் கொண்டுசேர்த்தது.

இத்தூள்களின் முதன்மை மூலப்பொருள் நேரியல் ஆல்கைல் பென்சீன் ஆகும். தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனமும் ஸ்பிக் நிறுவனமும் இணைந்து 1984-இல் உருவாக்கிய தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் நிறுவனம் இதனை மணலியில் உற்பத்தி செய்துவருகிறது. மண்ணெண்ணெயில் உள்ள, கிளைகளற்ற நீண்ட கரிமச் சங்கிலிகளை மட்டும் பிரித்தெடுத்துப் பென்சீனுடன் இணைப்பதே இதன் அடிப்படை. கிடைக்கும் எண்ணெய் போன்ற திரவத்தைக் கந்தக ட்ரைஆக்சைடுடன் வினைபுரியச் செய்தால், சிறு சலவைத்தூள் தயாரிப்பாளர்கள் ஆசிட் ஸ்லரி என்று கேட்டு வாங்கும் கெட்டியான அமிலம் உண்டாகிறது. அதைச் சலவைச் சோடா போன்ற காரத்தால் சமன்செய்ததும் பரப்புச் செயலி உருவாகிறது.

கிளைகளற்ற சங்கிலி என்பது வெறும் உற்பத்தி நுணுக்கம் அன்று. 1950-களில் மேலைநாடுகளில் பயன்பட்ட டிடர்ஜென்ட்களின் வால்பகுதி கிளைவிட்ட சங்கிலியாக இருந்தது. அதைப் பாக்டீரியாக்களால் எளிதில் சிதைக்க இயலாததால், ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகளின் மீது நுரை மலைபோல் குவிந்தது. மேற்கு ஜெர்மனி 1961-இல் இதற்கெதிராகச் சட்டம் இயற்றி 1964-இல் நடைமுறைப்படுத்தியது. அமெரிக்கச் சலவைப்பொருள் நிறுவனங்கள் 1965 அளவில் நேரியல் சங்கிலிக்கு மாறின. நேரான சங்கிலியைப் பாக்டீரியாக்கள் நுனியிலிருந்து படிப்படியாகத் துண்டித்து உண்ண முடியும் என்பதால், அந்நாடுகளின் நுரைச் சிக்கல் பெருமளவு தணிந்தது. வேதியியலாளர்கள் ஒரு மூலக்கூற்றின் வடிவத்தை மாற்றி ஆறுகளுக்கு விடிவு தேடித் தந்த இந்நிகழ்வு, தொழில்துறை வரலாற்றில் உண்மையாகவே போற்றத்தக்கது.

பரப்புச் செயலிகளின் பயன் சலவையோடு முடிவதில்லை. 1948-இல் நிறுவப்பட்டு அடையாற்றில் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் ஆராயும் பொருள்களில் இவையும் அடங்கும். ஆட்டுத்தோலின் கொழுப்பை நீக்குவதற்கும், பதனிட்ட தோலின் இழைகளுக்குள் எண்ணெயைச் செலுத்தி அதை மென்மையாக்குவதற்கும் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் ஆலைகளுக்கு இவை இன்றியமையாதவை. வேப்பெண்ணெயை நீரில் கலந்து தெளிக்கும் உழவர்கள் அதனுடன் காதி சோப்பையோ டீப்பால் என்னும் திரவ டிடர்ஜென்ட்டையோ சேர்ப்பதும் இதே நோக்கத்தில்தான். எண்ணெய் பிரியாமல் கலப்பதோடு, தெளித்த துளி உருண்டு விழாமல் இலைமேல் படர்கிறது. மனித உடலும் தனக்கான பரப்புச் செயலியைத் தானே சுரக்கிறது. நுரையீரலின் நுண்ணறைகள் மூச்சு வெளியேறும்போது பரப்பு இழுவிசையால் ஒட்டிக்கொள்ளாமல் காப்பது அதுவே. குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத்திணறலுக்கு அதன் பற்றாக்குறையே காரணம் என்று மேரி எல்லன் ஏவரியும் ஜெரி மீடும் 1959-இல் கண்டறிந்ததைத் தொடர்ந்து, அப்பொருளை மூச்சுக்குழாய் வழியே செலுத்தும் சிகிச்சை உருவாயிற்று. அச்சிகிச்சையால் எண்ணற்ற குழந்தைகள் உயிர் பிழைத்துள்ளனர்.

இனி அடையாற்றுக்கு வரலாம். நேரியல் பரப்புச் செயலியைச் சிதைக்கும் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் தேவை. கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களின் சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவுநீருக்குக் காற்று செலுத்தப்படுகிறது; இத்தகைய நிலையங்கள் முறையாக இயங்கினால் சில மணி நேரத்திலேயே அப்பொருளில் 95 விழுக்காட்டுக்கு மேல் நீங்கிவிடும். ஆனால் சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் நேரடியாக அடையாற்றிலும் பக்கிங்காம் கால்வாயிலும் கலக்கும்போது, அங்குள்ள கரிமக் கழிவைச் சிதைப்பதிலேயே நீரின் ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. ஆக்சிஜனற்ற நீரிலும் அடிச்சேற்றிலும் பரப்புச் செயலி ஏறக்குறைய அப்படியே தங்கிவிடுகிறது. மேலைநாட்டு ஆறுகளுக்குத் தீர்வாக அமைந்த அதே மூலக்கூறு இங்கே தீர்வாகாமல் போவதற்குக் காரணம், அது சிதைவதற்கான சூழல் இங்கு இல்லாமையே.

வறண்ட மாதங்களில் மணல்திட்டு முகத்துவாரத்தை அடைப்பதால் தேங்கிக் கிடக்கும் இந்நீர், வடகிழக்குப் பருவமழையின் வெள்ளத்தோடு ஒரே வீச்சில் கடலை அடைகிறது. அலைகள் அதில் காற்றைக் கலந்து அடிக்க, பரப்புச் செயலியும் கழிவிலுள்ள புரதப் பொருள்களும் குமிழிகளை உடையவிடாமல் தாங்குகின்றன. 2019 நவம்பர் இறுதியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் சென்னைக் கடற்கரையில் வெண்ணுரை பரவியது இவ்வாறே; எச்சரிக்கைகளையும் மீறிச் சிறுவர்கள் அதில் விளையாடினர். அந்நுரை கழிவுநீரின் கிருமிகளையும் சுமந்து வருவது. தோல் எரிச்சலுக்கும் நோய்த்தொற்றுக்கும் இடமளிப்பது. அதைப் பஞ்சுபோன்ற விந்தையாகப் படமெடுத்துப் பரப்பியது வருந்தத்தக்கது.

இதற்குச் சலவைத்தூளை மாற்றுவது மட்டும் போதுமான தீர்வாகாது. வீடுகளில் தூளின் அளவைக் குறைப்பதால் பயன் உண்டு. சீயக்காய்க்குத் திரும்புவதாலும் ஓரளவு பயன் உண்டு. எனினும் காற்று நுழையாத மலக்குழித் தொட்டிகளில் பரப்புச் செயலி மிகக் குறைவாகவே சிதைகிறது என்பதால், பாதாளச் சாக்கடை எட்டாத புறநகர்களின் கழிவுநீரும், மழைநீர் வடிகால்களில் முறைகேடாக இணைக்கப்பட்ட வீட்டுக் குழாய்களின் நீரும் சுத்திகரிப்பு நிலையத்தை அடைந்தாக வேண்டும். மாநகராட்சியும் குடிநீர் வாரியமும் வடிகால்களில் கண்டறிந்து அடைக்கும் ஒவ்வொரு முறைகேடான இணைப்பும், அவ்வீட்டின் கழிவுநீரைக் காற்று செலுத்தப்படும் தொட்டிக்குத் திருப்பிவிடுவதோடு நிறைவுபெற வேண்டும். இல்லையெனில் அந்நீர் வேறொரு வழியில் ஆற்றையே சென்றடையும்.