மிச்சிகன் சட்டம், லண்டன் நடுவர், செகந்திராபாத் கோர்ட்

எந்த ஊர்ச் சட்டம்? – 7

1999 அக்டோபரில் ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸும், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த வென்ச்சர் குளோபல் இன்ஜினியரிங்கும் சேர்ந்து ஹைதராபாத்தில் ஒரு கூட்டுக் கம்பெனி ஆரம்பித்தன. பெயர் சத்யம் வென்ச்சர் இன்ஜினியரிங் சர்வீசஸ். மோட்டார் கம்பெனிகளுக்கு இன்ஜினியரிங் வேலை செய்து கொடுப்பது தொழில். ஆளுக்குப் பாதிப் பங்கு. பங்குதாரர் ஒப்பந்தத்தில் 11.05 என்று ஒரு ஷரத்து. இந்த வாரம் நமக்கு வேண்டியது அந்த ஒன்றுதான்.

ஷரத்தின் சாரம் இது. ஒப்பந்தத்துக்கு மிச்சிகன் மாநிலச் சட்டம் பொருந்தும். தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல், லண்டன் சர்வதேச நடுவர் மன்றத்தின் வழியாக ஆர்பிட்ரேஷனில் தீர்த்துக்கொள்ள வேண்டும். கடைசியாக ஒரு பிரிவு: மேலே என்ன எழுதியிருந்தாலும் சரி, பங்குதாரர்கள் எல்லாக் காலத்திலும் இந்தியக் கம்பெனிச் சட்டத்துக்கும் இந்தியாவில் அமலில் உள்ள மற்றச் சட்டங்களுக்கும் உட்பட்டே நடக்க வேண்டும்.

‘மேலே என்ன எழுதியிருந்தாலும்’ என்று ஒரு பிரிவு தொடங்கினால், அதற்கு மேலே உள்ளதையெல்லாம் திரும்பவும் ஒரு தரம் படித்துவிடுவது நல்லது. வரைந்த வக்கீல்கள் இதை வெறும் சம்பிரதாயம் என்று நினைத்திருக்கலாம். இந்தியாவில் பதிவான கம்பெனி இந்தியச் சட்டப்படி நடக்கும் என்பதைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? ஆனால் பிற்பாடு வழக்கு முழுக்கத் தொங்கியது இந்த வரியில்தான்.

2003 வாக்கில் வென்ச்சரோடு தொடர்புடைய நிறுவனங்கள் சில அமெரிக்காவில் திவால் மனு கொடுத்தன. ஒப்பந்தப்படி அது ஷரத்து மீறல். அதனால் வென்ச்சரின் பாதிப் பங்கைப் புத்தக மதிப்புக்கே வாங்கிக்கொள்ளும் உரிமை தனக்கு வந்துவிட்டது என்றது சத்யம். வென்ச்சர் மறுத்தது. 2005இல் விஷயம் லண்டன் மன்றத்துக்குப் போனது. ஒற்றை நடுவர் 2006 ஏப்ரல் 3 அன்று சத்யத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். பங்குகளை மாற்றிக் கொடு என்பது உத்தரவு.

தீர்ப்பை நிறைவேற்ற சத்யம் இந்தியக் கோர்ட்டுக்கு வரவில்லை. நேரே மிச்சிகனில் இருந்த அமெரிக்க ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனது. கணக்கு சரிதான்: எதிராளி அங்கேதான் இருக்கிறார், பங்குப் பத்திரமும் அவர் கையில். அந்த மாதமே வென்ச்சர் எதிர்த்திசையில் வந்து செகந்திராபாத் சிவில் கோர்ட்டில் ஒரு வழக்குப் போட்டது. நடுவர் தீர்ப்பையே ரத்து செய்ய வேண்டும் என்று கேட்டது. ஹைதராபாத் கம்பெனி டெட்ராய்ட் பக்கம் போய்க் கதவைத் தட்டுகிறது, மிச்சிகன் கம்பெனி செகந்திராபாத்துக்கு வந்து நியாயம் கேட்கிறது. எல்லை தாண்டிய வழக்குகளில் இது அபூர்வமில்லை. யாருக்கும் சொந்த ஊர்ப்பற்று கிடையாது. தனக்குச் சாதகமான சட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே போவார்கள்.

வென்ச்சரின் வாதம், அந்தக் கடைசிப் பிரிவைப் பிடித்துக்கொண்டு வந்தது. இந்தியக் கம்பெனியின் பங்கை வெளிநாட்டவரிடமிருந்து இந்தியர் வாங்கும்போது விலையை இஷ்டத்துக்கு வைக்க முடியாது. அந்நியச் செலாவணி நிர்வாகச் சட்டமான ஃபெமாவும் ரிசர்வ் வங்கி விதிகளும் குறுக்கே நிற்கும். நியாய மதிப்பை விட்டுப் புத்தக மதிப்புக்கு மாற்றச் சொன்ன நடுவர், இந்தியச் சட்டத்தை மீறச் சொல்லியிருக்கிறார் என்றார்கள். சத்யத்தின் பதில் சுருக்கமானது: தீர்ப்பு லண்டனில் பிறந்தது, அதை ரத்து செய்யும் அதிகாரம் லண்டன் கோர்ட்டுக்கு மட்டும்தான், செகந்திராபாத்துக்கு இங்கே என்ன வேலை?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும். ‘எந்தச் சட்டம் பொருந்தும்’ என்று ஒருமையில் கேட்கிறோமே, அங்கேதான் பலருக்குச் சறுக்குகிறது. இப்படியொரு ஒப்பந்தத்தில் குறைந்தது மூன்று சட்டங்கள் ஒரே சமயத்தில் வேலை செய்யும். ஒப்பந்தத்தின் உள்விவகாரத்துக்கு, அதாவது யார் தவறினார், என்ன கொடுக்க வேண்டும் என்பதற்கு ஒரு சட்டம். இங்கே அது மிச்சிகன். நடுவரிடம் போவோம் என்ற உடன்பாடு செல்லுமா, எதுவரை செல்லும் என்பதற்கு இன்னொன்று. நடுவர் எப்படி விசாரிக்க வேண்டும், அவர் தப்புச் செய்தால் எந்த கோர்ட் திருத்தும் என்பதற்கு மூன்றாவது. ஆர்பிட்ரேஷன் எந்த ஊரை இருக்கையாக வைத்து நடக்கிறதோ அந்த ஊரின் சட்டம் அது. ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் முதலாவதை எழுதிவிட்டு, மற்ற இரண்டும் தானாக அதன் பின்னால் வரும் என்று நம்பிவிடுகிறார்கள். வராது. இரண்டாவதைப் பற்றிப் பல ஆண்டுகளாக நடந்த சர்ச்சையை இங்கிலாந்து 2025இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்துதான் முடித்தது: தனியாக எழுதி வைக்காவிட்டால், இருக்கை எந்த ஊரோ அந்த ஊர்ச் சட்டம். நம் நாட்டிலோ ஒப்பந்தங்களுக்கு எந்த நாட்டுச் சட்டம் என்று சொல்ல முழுமையான ஒரு சட்டப் புத்தகமே கிடையாது. ஐரோப்பிய நாடுகள் 2008இல் ஒரே விதிமுறையாக எழுதி வைத்துக்கொண்டன. நாம் தீர்ப்புக்குத் தீர்ப்பு கட்டிக்கொண்டு வருகிறோம்.

அப்படிக் கட்டிய தீர்ப்புகளில் ஒன்று 2008 ஜனவரி 10 அன்று வந்தது. கீழ்க் கோர்ட்டும் ஆந்திர உயர் நீதிமன்றமும் வென்ச்சரின் வழக்கு இங்கே நிற்காது என்று தள்ளிவிட்டிருந்தன. உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பி. சதாசிவம், ஈரோடு மாவட்டத்துக்காரர், பிறகு இந்தியாவின் தலைமை நீதிபதி ஆனவர். வெளிநாட்டில் பிறந்த நடுவர் தீர்ப்பானாலும், 1996 ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் முதல் பகுதியைக் கட்சிக்காரர்கள் வேண்டாம் என்று விலக்கி வைத்திருந்தாலொழிய, இந்தியக் கோர்ட்டில் அதை ரத்து செய்யக் கேட்கலாம் என்றார். பங்கு இருப்பது இந்தியக் கம்பெனியில்; அது கைமாற வேண்டியது இந்தியச் சட்டப்படி; அதைத் தவிர்க்க அமெரிக்கக் கோர்ட்டுக்குப் போனது அந்தக் கடைசிப் பிரிவுக்கே விரோதம் என்பது தீர்ப்பின் உள்ளுயிர்.

மிச்சிகன் நீதிபதி, கையிலிருக்கும் பத்திரத்தைக் கொடு என்று வென்ச்சருக்கு உத்தரவு போடலாம். 2006லேயே போட்டுவிட்டார், மேல் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. ஆனால் பங்குதாரர் பதிவேட்டில் ஒரு பெயரை அடித்து இன்னொரு பெயரை எழுதுகிற பேனா ஹைதராபாத்தில் அல்லவா இருக்கிறது! காகிதத்தில் எந்த ஊர்ச் சட்டத்தை எழுதினாலும், சொத்து கிடக்கிற ஊரின் கோர்ட்டைத் தாண்டிப் போக முடிவதில்லை. இந்தத் தொடரில் இதுவரை பார்த்த வழக்குகளில் பாதிக்கு மேல் எனக்குச் சொன்னது இதுதான்.

இதே ஹைதராபாத்தின் இன்னொரு வழக்கு இதற்கு நேர் தலைகீழ். அங்கே ஆட்கள் எல்லாரும் இந்தப் பக்கம், சொத்து மட்டும் லண்டனில். 1948 செப்டம்பர் 13 அன்று இந்திய ராணுவம் நிஜாம் சமஸ்தானத்துக்குள் நுழைந்தது. நான்கைந்து நாளில் எல்லாம் முடிந்தது. செப்டம்பர் 20 வாக்கில், நிஜாமின் நிதி அமைச்சர் மொயின் நவாஸ் ஜங் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் வங்கியில் இருந்த சமஸ்தானப் பணம் 10,07,940 பவுண்டு 9 ஷில்லிங்கை, அங்கே பாகிஸ்தான் ஹைகமிஷனராக இருந்த ரஹிம்தூலாவின் பெயருக்கு மாற்றிவிட்டார். ராஜ்யமே கைவிட்டுப் போன பிறகும் அந்த 9 ஷில்லிங்கை விட்டுவைக்காமல் துடைத்து மாற்றியிருக்கிறார்கள் என்பதை என்னால் ரசிக்காமல் இருக்க முடியவில்லை. சில நாட்களில் நிஜாம், இது என் அனுமதியில்லாமல் நடந்தது, திருப்பித் தா என்று வங்கிக்கு எழுதினார். வங்கி மறுத்தது.

1950களில் நிஜாம் லண்டனில் வழக்குப் போட்டார். வழக்கு பிரபுக்கள் சபைவரை போய், 1957இல் அங்கேயே நின்றுவிட்டது. பணம் ஹைகமிஷனர் பெயரில் பாகிஸ்தான் அரசுக்காக இருக்கிறது; இறையாண்மையுள்ள ஒரு நாட்டை அதன் சம்மதமில்லாமல் இன்னொரு நாட்டின் கோர்ட் விசாரிக்க முடியாது என்றார்கள். எந்தச் சட்டம் என்ற கேள்விக்கே வழக்கு போய்ச் சேரவில்லை, வாசலோடு சரி. பணம் வங்கியில் கிடந்து வட்டி போட்டுக்கொண்டிருந்தது. 1967இல் நிஜாம் உஸ்மான் அலி கான் காலமானார்.

2013இல் பாகிஸ்தான் தானாகவே வழக்கில் இறங்கியது. வழக்குப் போடுகிறவருக்கு, என்னை விசாரிக்காதே என்று சொல்லும் வசதி இல்லை. நிஜாமின் பேரன்கள் முக்கரம் ஜாவும் முஃபக்கம் ஜாவும், இந்திய அரசும் ஒரே அணியில் நின்றார்கள். ஆயுதம் வாங்கியதற்கான பணம் அது என்றது பாகிஸ்தான். நாடுகளுக்கு இடையிலான விஷயத்தைக் கோர்ட் தொடக்கூடாது என்றும், சமஸ்தானத்தை இந்தியா சேர்த்துக்கொண்டதே சட்டவிரோதம் என்றும் வாதாடியது. 2019 அக்டோபர் 2 அன்று நீதிபதி மார்க்கஸ் ஸ்மித் அவற்றை ஏற்கவில்லை. பணம் யார் பெயரில் இருந்தாலும் அது நிஜாமுக்காக நம்பிக்கையில் வைக்கப்பட்ட பணம் என்பது முடிவு. வங்கிக் கணக்கில் பெயர் ஒருவருடையதாகவும் பலன் இன்னொருவருடையதாகவும் இருக்கலாம் என்பது ஆங்கில டிரஸ்ட் சட்டத்தின் பழைய சரக்கு. தக்காணத்தில் நடந்த ராணுவ நடவடிக்கையின் பாக்கிக் கணக்கு, ஆங்கிலேய ஜமீன் குடும்பங்கள் தங்கள் நிலபுலன்களுக்காக வளர்த்தெடுத்த ஒரு சட்டத்தில் தீர்ந்தது. பணம் அப்போது சுமார் 3.5 கோடி பவுண்டாகியிருந்தது.

சத்யம் வழக்குக்குத் திரும்புவோம். 2008 தீர்ப்பு வெளிநாட்டு வக்கீல்களைக் கலங்கடித்தது. லண்டனிலோ சிங்கப்பூரிலோ ஜெயித்துவிட்டு வந்தாலும் இந்தியாவில் மறுபடி முதலிலிருந்தா என்றார்கள். அவர்கள் கவலை நியாயம்தான். 2012 செப்டம்பர் 6 அன்று பாரத் அலுமினியம் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, வென்ச்சர் தீர்ப்பு தவறு என்று அறிவித்தது. இருக்கை வெளிநாட்டில் என்றால் ரத்து செய்யும் அதிகாரமும் அங்கேதான். கூடவே ஒரு கோடு கிழித்தது: இது இன்று முதல் செய்யப்படும் ஒப்பந்தங்களுக்கு மட்டும். ஆக 1999இல் கையெழுத்தான சத்யம்–வென்ச்சர் ஒப்பந்தத்துக்கு இது பொருந்தவில்லை. புது ஒப்பந்தக்காரர்களுக்குச் செத்துப்போன தீர்ப்பு, அந்த வழக்கைக் கொண்டுவந்த இருவரையும் பிடித்த பிடியை விடவில்லை.

இடையில் இன்னொன்றும் நடந்திருந்தது. 2009 ஜனவரி 7 அன்று சத்யத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் உள்ள ரொக்கமும் வங்கி இருப்பும் பல ஆயிரம் கோடிக்குப் பொய் என்று தானே எழுதிக் கொடுத்தார். இப்படிப்பட்ட கம்பெனி நடுவர் முன் சொன்னதை எப்படி நம்புவது, தீர்ப்பே மோசடியால் கெட்டது என்று வென்ச்சர் புதிய விவரங்களைச் சேர்க்கக் கேட்டது. 2010இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. செகந்திராபாத் வாசல் 2008லேயே மூடப்பட்டிருந்தால் இந்தக் கேள்வியை இந்திய மண்ணில் எழுப்பியே இருக்க முடியாது என்பதையும், அந்தத் தீர்ப்பைத் திட்டுகிறவர்கள் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கீழ்க் கோர்ட் நடுவர் தீர்ப்பை ரத்து செய்தது. உயர் நீதிமன்றம் அந்த ரத்தை ரத்து செய்தது. சத்யம் டெக் மகிந்திராவோடு இணைந்து, வழக்குத் தலைப்பில் பெயரும் மாறியது. 2017 நவம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள், செலமேஸ்வரும் சப்ரேயும், ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். ஒருவர் முடிவு மற்றவர் முடிவுக்கு நேர் எதிர். கட்டு பெரிய அமர்வுக்காகத் தலைமை நீதிபதியிடம் போனது.

அடுத்த வாரம்: அமெரிக்கக் கோர்ட் கொடுத்த விவாகரத்தை நம்பி, யாதகிரிகுட்டாவில் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டவரின் வழக்கு.

(தொடரும்)