அயல்நாட்டில் ஓர் இளந்தொண்டன்

தொண்டு செய்யப் புறப்படுவோர் பலர் தாம் கொடுக்கவே செல்வதாக எண்ணுவர். ஆயின் அயல்நாட்டில் வாழும் தொண்டனின் அன்றாட வாழ்க்கையை உற்று நோக்குங்கால், அவன் முதற்கண் பெறுபவனாகவே இருக்கக் காண்கிறோம்.

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் கென்னடி 1961-ஆம் ஆண்டில் பீஸ் கோர் என்னும் அமைதித் தொண்டர் படையை நிறுவினார். அதிற் சேர்வோர் ஏறக்குறைய மூன்று திங்கள் பயிற்சி பெற்று, இரண்டாண்டு பணிபுரிவர். அவர் பெறுவது ஊதியமன்று. அவ்வூராரைப்போல் எளிமையாய் வாழ்தற்குரிய உதவித்தொகையே.

மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள செனகால் நாட்டின் சிற்றூரொன்றிற்குச் செல்லும் இளைஞனைக் கருதுவோம். அவனை ஏற்கும் குடும்பத்தார் தம் நாட்டுப் பெயரொன்றை அவனுக்குச் சூட்டுவர். நண்பகலில் அனைவரும் ஒரே பெருங்கலத்தைச் சூழ்ந்தமர்ந்து வலக்கையால் உண்பர். அவரவர்முன் உள்ள பகுதியையே அவரவர் உண்ணல் வேண்டும். நடுவிலுள்ள மீனை வீட்டுத்தலைவி பிட்டு, விருந்தினன் பக்கம் இடுவாள். பின்னர்த் தேநீர் மும்முறை வழங்கப்படும். முதலது கசக்கும், ஈற்றது இனிக்கும். மூன்றும் முடிய நெடுநேரமாகும். கடிகாரத்தை நோக்கியே வளர்ந்தவன் ஆங்குப் பொறுமை பயில்கின்றான்.

அந்நாட்டு வலோஃப் மொழியில், ‘நலமா?’ என வினவினால், ‘நான் இங்கேதான் இருக்கிறேன்’ என்பதே வழக்கமான மறுமொழி. தொண்டனுக்குரிய பாடம் முழுவதும் அவ்விடையில் அடங்கியுள்ளது. ஊராரோடு ஒருவனாய் இருக்கக் கல்லாதவன் நட்ட மரக்கன்று, அவன் தாயகம் திரும்பியபின் நீர் வார்ப்பாரின்றி வாடும். உடனிருந்து உண்டவன் நட்டதையோ ஊரார் தமதென்று பேணுவர். நம் மாணவருள் தொண்டிற்குப் புறப்படுவோர் இதனை நினைவிற் கொள்வாராக.