முன்னால் ஸ்டெப்னி, பின்னால் எஞ்சின்... காற்று எப்படிப் போகும்?

ஆத்தூர் பைபாஸில் ஒரு நானோ கார் புகை விட்டபடி ஓரமாக நின்றால், உதவிக்கு ஓடி வருகிறவர் முதலில் தூக்குவது முன்பக்க மூடியைத்தான். உள்ளே எஞ்சின் இருக்காது. ஸ்டெப்னி டயர் இருக்கும், பெட்ரோல் ஊற்றும் வாய் இருக்கும். எஞ்சின் பின் சீட்டுக்கும் பின்னால், சாமான் வைக்கும் இடத்தின் அடிப்பலகைக்குக் கீழே ஒளிந்திருக்கும்.

2009-ல் 'ஒரு லட்ச ரூபாய் கார்' என்று நாடே பேசிய வண்டி இது. 624 சிசி, இரண்டே சிலிண்டர். 2018-ல் உற்பத்தி நின்றுபோனது. ஆனாலும் செகண்ட் ஹேண்டில் குறைந்த விலைக்குக் கிடைப்பதால், பைக்கில் நான்கு பேராகப் போய்க்கொண்டிருந்த குடும்பங்கள் இன்னமும் இதைத் தேடி வாங்குகின்றன. அப்படி வாங்குகிறவர்கள் மைலேஜ் கேட்கிறார்கள், டயரைப் பார்க்கிறார்கள். எஞ்சினுக்குக் காற்று எந்த வழியாகப் போகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. சேலம் மாவட்டத்து வெயிலில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

எரிகிற பெட்ரோலின் சக்தி முழுவதும் சக்கரத்துக்குப் போவதில்லை. தோராயமாக மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியாகச் சூடாக வெளியேறுகிறது. இன்னொரு பங்கு எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்ட் திரவத்தில் இறங்குகிறது. அந்தச் சூட்டை ரேடியேட்டர் காற்றில் விட்டாக வேண்டும். மற்ற கார்களில் ரேடியேட்டர் முகப்பில் இருக்கும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று தானாக வந்து மோதும், கேட்கவே வேண்டாம்.

நானோவில் ரேடியேட்டரும் பின்னால்தான். கார் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது, அதன் முதுகுப்பக்கம் அழுத்தம் குறைந்து சுழல் உண்டாகிறது. மண் ரோட்டில் போகும் பஸ்ஸின் பின்னால் புழுதி சுருண்டு ஏறுமே, அதே சுழல்தான். அங்கே புதுக் காற்று நேராக வந்து சேராது. அதனால்தான் பின் சக்கரத்துக்குச் சற்று முன்னே, பக்கவாட்டில் காற்று வாங்கும் திறப்புகளை வைத்தார்கள். அவை அழகுக்கு வைத்தவை என்று நினைத்து ஸ்டிக்கர் ஒட்டி மூடுகிறவர்கள் உண்டு. மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொல்வதற்குச் சமம் அது. ஆத்தூர் வழியாக இரவில் சென்னைக்குப் போகும் பின் எஞ்சின் ஆம்னி பஸ்களைக் கவனித்தால், பின் சக்கரத்துக்கு அப்பால் பக்கவாட்டில் பெரிய சல்லடை ஒன்று தெரியும். அதுவும் இதே காரணத்துக்காக வைத்ததுதான்.

உலகத்துக்கு இது பழைய தலைவலி. ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் பீட்டில், தண்ணீரே வேண்டாம் என்று முடிவுகட்டி, ஒரு பெரிய விசிறியால் எஞ்சின் மேல் காற்றை அடித்தது. விசிறியையும் டைனமோவையும் சுற்றுவது ஒரே பெல்ட். அது அறுந்தால் சார்ஜ் விளக்கு சிவப்பாக எரியும், ஓட்டுபவர் உடனே நிறுத்திவிட வேண்டும். 1963-ல் பிரிட்டனில் வந்த ஹில்மன் இம்ப் கார், அலுமினிய எஞ்சினையும் ரேடியேட்டரையும் சேர்த்துப் பின்னால் வைத்தது. சூடேறி ஹெட் கேஸ்கெட் போகிற வண்டி என்ற கெட்ட பெயரை அதனால் உதறவே முடியவில்லை. சிலர் ரேடியேட்டரைக் கழற்றி முன்பக்கம் கொண்டுபோய்ப் பொருத்திக்கொண்டார்கள்.

நம்மூர் ஆட்டோவும் பின் எஞ்சின் வண்டிதான். காற்றால் குளிரும் ஆட்டோ எஞ்சினில் விசிறி எஞ்சினோடு சேர்ந்தே சுழல்கிறது. பஸ் ஸ்டாண்டில் நின்று உறுமிக்கொண்டிருந்தாலும் காற்று வந்துகொண்டே இருக்கும். விசிறியைச் சுற்றியுள்ள தகரக் கூடு 'சும்மா இருக்கிறது' என்று கழற்றிப் போட்டால் காற்று நாலாபக்கமும் சிதறி, எஞ்சின் கொதிக்கும்.

நானோவுக்கு உண்மையான சோதனை மலைப்பாதை. வேகம் மூன்றில் ஒரு பங்கானால், ஓட்டத்தால் கிடைக்கும் காற்றின் அழுத்தம் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் கிடைத்த காற்று, 20-ல் ஏறும்போது ஏறக்குறைய இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். எஞ்சினோ அப்போதுதான் முக்கி முனகி உழைக்கிறது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70. நான்கு பேரும் ஏசியும் சேர்ந்தால் ரேடியேட்டரின் மின்விசிறி ஒன்றுதான் கதி.

சமவெளியிலும் வில்லன்கள் உண்டு. ஜவ்வரிசி ஆலைகளும் மரவள்ளிக் காடுகளும் சூழ்ந்த ஊர் இது. பின் சக்கரங்கள் வாரி இறைக்கும் புழுதி ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே அடைத்துக்கொள்ளும். வாட்டர் சர்வீஸ் விடும்போது அந்த இடத்தைச் சொல்லிக் கழுவச் சொல்ல வேண்டும், அதுவும் மெதுவான தண்ணீரில். பீய்ச்சி அடித்தால் தகடு மடங்கிவிடும்.

அதைவிட ஆபத்து, அறுவடை நாளில் ரோட்டில் பரப்பி வைக்கும் கொள்ளுச் செடியும் சோளத்தட்டும். அதன் மேல் ஓட்டினால் அடியில் சுற்றிக்கொள்ளும், சூடான சைலன்சரில் பட்டால் பற்றிக்கொள்ளும். இப்படிக் கார்கள் எரிந்த செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. பின் எஞ்சின் காரில் ஓட்டுபவருக்கு வாசனை தாமதமாகத்தான் வரும். அருகில் உட்கார்ந்திருப்பது பின் சீட்டுக் குழந்தைகள். செடி பரப்பியிருந்தால் சுற்றிப் போவது நல்லது. தெரியாமல் ஏறிவிட்டால், சற்றுத் தள்ளி நிறுத்தி, எல்லோரையும் இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்துவிட வேண்டும்.

2010-ல் சில நானோ கார்கள் தீப்பிடித்ததும், அந்த ஆண்டு நவம்பரில் டாடா நிறுவனம் சைலன்சர் பகுதிக்கும் மின்சார அமைப்புக்கும் கூடுதல் பாதுகாப்பை இலவசமாகப் பொருத்தித் தர முன்வந்தது. அதற்கு முந்தைய வண்டியை வாங்குகிறவர்கள், அந்த வேலை நடந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

வெப்ப எச்சரிக்கை விளக்கு எரிந்தால்? 'இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே' என்று ஓட்டுவதுதான் எஞ்சினுக்கு எமன். ஏசியை அணைத்து, ஓரம்கட்டி, எஞ்சினை நிறுத்த வேண்டும். ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. விசில் போகாத குக்கரைத் திறப்பது மாதிரிதான், கொதிநீர் முகத்தில் அடிக்கும். சூடான எஞ்சின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் உலோகம் விரிசல் விடும். கை வைத்துப் பொறுக்கிற அளவுக்கு ஆறியபிறகே மூடியைத் திறக்கலாம்.

மலைக்குக் கிளம்பும் முந்தின நாள், சற்றுத் தூரம் ஓட்டிவிட்டு வந்து, எஞ்சினை அணைக்காமல் வெட்டவெளியில் நிறுத்திக் காத்திருங்கள். சூடு ஏறியதும் பின்னால் மின்விசிறி 'விர்'ரென்று ஓடும் சத்தம் கேட்க வேண்டும். நின்று, கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஓட வேண்டும். விளக்கே எரிந்தும் சத்தம் கேட்கவில்லை என்றால் வண்டியை அணைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஏற்காடு அடுத்த ஞாயிறு போகலாம்.