உங்களுக்குத் தெரியுமா? கை கழுவிப் பார்த்தே மண்ணை அறியலாம்!

பொம்மையார்பாளையத்தை அடுத்த ஆரோவில்லில், 1989-ல் தொடங்கிய எர்த் இன்ஸ்டிட்யூட்டில் மண்ணால் கட்டடம் கட்டுவதைக் கொத்தனாரும் பயிலலாம், பொறியாளரும் பயிலலாம். முதல் பாடம் மண்ணைத் தொட்டறிவது. ஈரமண்ணைத் தேய்த்துக் கை கழுவ வேண்டும்: சட்டென்று போனால் மணல் மிகுதி, வழவழவென்று ஒட்டிக்கொண்டால் களி மிகுதி. எந்தக் கருவியும் தேவையில்லாத அருமையான சோதனை இது!

அடுத்து, சுமார் 5 சதவீதம் சிமென்ட் கலந்து, கையால் இயக்கும் அழுத்து இயந்திரத்தில் கல் வார்க்கிறார்கள். சூளை கிடையாது, நான்கு வாரம் ஈரம் காத்தால் போதும். முட்டுக்கொடுக்காமலே வளைகூரை எழுப்பவும் கற்கிறார்கள். அந்த நுட்பம் எகிப்து-சூடான் எல்லையிலுள்ள நூபியாப் பகுதியிலிருந்து வந்தது.

இத்தகைய மண்கற்களால் எழுந்த ஆரோவில் பார்வையாளர் மையம், 1992-ல் எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி பெயரிலான விருதைப் பெற்றது.