சுவருக்குள் நடக்கும் வெயில்

திருச்சி ஸ்ரீரங்கத்தின் உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் மிஞ்சியிருக்கும் பழைய வீடுகளுக்குள் நுழைந்தால் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று வரிசையாகப் போகும். படுக்கையறை என்று தனியாக ஒன்றைத் தேடினால் பல வீடுகளில் அகப்படாது. காமரா உள் என்ற அறை ஒன்று இருக்கும். அதில் பெட்டியும் படுக்கைச் சுருளும் அடுக்கியிருப்பார்கள். மார்கழிக் குளிரில் கூடத்துச் சுவரோரம், சித்திரையில் முற்றத்தை ஒட்டியோ மொட்டை மாடியிலோ, ஆடிக் காற்று வீசும்போது திண்ணையில் என்று பாயைச் சுருட்டிக்கொண்டு மனிதர்கள்தான் இடம் மாறினார்கள். வீட்டுக்குள் குளுமை எங்கே இருந்ததோ அங்கே அன்றைய படுக்கை.

இன்று அத்தகைய வீடுகள் பல இருந்த இடத்தில் அடுக்குமாடிகள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்குள் ஆறுக்கு ஆறரை அடிக் கட்டில் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் வீடு காலி செய்யும்வரை அசையாது. எனவே கட்டிலை எங்கே போடுவது, பீரோவை எந்தச் சுவரில் சாய்ப்பது என்ற முடிவு, முன்பு பருவத்துக்குப் பருவம் எடுத்த பல முடிவுகளுக்கு ஈடாக நிற்கிறது. மே மாதத்தில் பகல் 40 டிகிரியைத் தொடுகிற ஊரில் அந்த முடிவைக் கடையின் விலைச்சீட்டும் கட்டிலின் வேலைப்பாடும் மட்டும் எடுக்கக் கூடாது என்பது என் கருத்து. அறைக்குள் வெப்பம் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்பதற்கே முதல் இடம் தர வேண்டும்.

தூங்கும் உடலும் சூடு உண்டாக்கிக்கொண்டேதான் இருக்கிறது. ஆழ்ந்த உறக்கத்திலும் சராசரி மனிதர் ஒருவர் சுமார் 70 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறார். பழைய மின்விசிறி ஒன்று இழுக்கும் மின்சாரத்துக்கு அது ஏறக்குறையச் சமம். உறக்கம் வருவதற்கே உடலின் உள்வெப்பம் சற்று இறங்க வேண்டும். இரவில் அது ஏறத்தாழ ஒரு டிகிரி குறைகிறது. இதற்காக மாலை முதலே கை கால்களின் ரத்தக் குழாய்கள் விரிந்து, உள்ளே இருக்கும் சூட்டைத் தோலுக்குக் கொண்டுவந்து கொட்டுகின்றன. கைகால் எவ்வளவு கதகதப்பாகிறதோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வருகிறது என்பதை சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர ஆய்வாளர்கள் 1999-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். குளிர்நாட்டில் அந்தச் சூடு தானே வெளியேறிவிடும். திருச்சியில் அதற்கு நாம் வழிவிட வேண்டும். சுற்றியுள்ள சுவரும் கூரையும் தோலைவிடச் சூடாக இருந்தால் வெப்பம் வெளியே போகாமல் எதிர்த்திசையில் வந்துகொண்டிருக்கும்.

கனவு காணும் உறக்கத்தின்போது வியர்ப்பது உள்ளிட்ட உடலின் வெப்பக் கட்டுப்பாடு பெரிதும் தளர்ந்துவிடுகிறது. கோடை இரவுகளில் பாதித் தூக்கத்தில் விழிப்பு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, சுவர் எப்படிச் சூடாகிறது? திருச்சி இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10.8 டிகிரியில். ஏப்ரல் மூன்றாம் வாரம் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்து, பிறகு வடக்கே தாண்டிப்போய், ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்புகிறது. அந்த நான்கு மாதமும் காலை முதல் மாலைவரை சூரியன் வீட்டுக்கு வடபுறமாகவே நகர்கிறது. தெற்குச் சுவரில் நேர்வெயில் படுவதே இல்லை! தெற்குதான் வெயில் திசை என்று நினைப்பவர்கள் ஜூன் மாதம் ஒருநாள் தெருவில் இறங்கித் தங்கள் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். நண்பகலிலும் அது தெற்கே விழும்.

அடி வாங்குவது கூரையும் மேற்குச் சுவரும். பிற்பகல் மூன்று மணிக்கு ஜூன் மாதச் சூரியன் மேற்கிலிருந்து சற்றே வடக்கு ஒதுங்கி நின்று, சுவரைச் சாய்வாக அறைகிறது. அந்தச் சூடு உடனே உள்ளே வந்துவிடுவதில்லை. பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஜோசப் ஃபூரியே, 1822-இல் வெளியிட்ட வெப்பம் பற்றிய நூலில் திடப்பொருளுக்குள் வெப்பம் பரவும் கணக்கை எழுதிவைத்தார். அதைச் செங்கல்லுக்குப் போட்டுப் பார்த்தால் ஓர் அழகான விடை கிடைக்கிறது: பகல் வெயிலின் உச்சம் செங்கல் சுவருக்குள் மணிக்குச் சுமார் மூன்று சென்டிமீட்டர்தான் முன்னேறுகிறது. ஒன்பது அங்குலச் சுவரைக் கடக்க அதற்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிற்பகல் மூன்றரை மணி வெயில், படுக்கப் போகும் பத்தரை பதினொரு மணிக்குச் சரியாகக் கட்டிலின் தலைமாட்டை வந்தடைகிறது.

வரும் வழியில் அது தேய்ந்தும் போகிறது. ஒன்பது அங்குலச் சுவரின் வெளிப்பக்கத்து ஏற்ற இறக்கத்தில் தோராயமாக ஏழில் ஒரு பங்குதான் உள்பக்கம் தெரியும். நாலரை அங்குலச் சுவரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வந்து சேரும், அதுவும் மாலை ஏழு மணிக்கே. புதிய கட்டடங்களில் வெளிச்சுவரைக்கூட மெலிதாக எழுப்புவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அங்கே மிச்சம் பிடித்த இடத்துக்கு வீட்டுக்காரர்கள் ஆயுள் முழுக்கத் தூக்கத்தால் விலை கொடுக்கிறார்கள். பழைய ஸ்ரீரங்கத்து வீடுகளிலோ பக்கச் சுவர்கள் அண்டை வீட்டோடு ஒட்டியவை. வெயில் அந்தச் சுவர்களைத் தொட வழியே இல்லை.

ஆகவே கட்டிலின் தலைமாடு மேற்குச் சுவரில் வேண்டாம். மேற்கு வெளிச்சுவர் இருக்கும் அறையில் அந்தப் பக்கம் பீரோவையும் துணி அலமாரியையும் புத்தக அடுக்கையும் கொண்டுபோய் வையுங்கள். புடவையும் போர்வையும் நிறைந்த அலமாரி, காற்று அடைபட்ட பருமனான தடுப்பு. சுவரின் வெப்பக் கதிர் நேராக உடம்பில் படாமல் அது மறித்துக்கொள்ளும். சுவருக்கும் அலமாரிக்கும் இரண்டு மூன்று அங்குல இடைவெளி விடுவது அவசியம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் ஸ்ரீரங்கத் தீவில், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஈரச் சுவரை ஒட்டிய பலகையின் முதுகு பூஞ்சை பூத்துவிடும்.

கன்னி மூலையில் பீரோ வைத்து வடக்கே பார்க்க விடும் வழக்கம் இங்கே பல வீடுகளில் உண்டு. தென்மேற்கு மூலைக்குக் கனமான சாமான் போவதால் மேற்குச் சுவரில் ஒரு பகுதி மறைகிறது. வெப்பக் கணக்கும் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை.

வடக்கே தலை வைக்கக் கூடாது என்ற பேச்சு வேறு. பூமியின் காந்தம் ரத்தத்தின் இரும்பை இழுக்கும் என்று அதற்கு ஒரு விளக்கம் சொல்கிறார்கள். அந்த விளக்கம் தவறு. ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு ஆணியின் இரும்பைப் போல் நடந்துகொள்வதில்லை. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினைக் காந்தம் மிக மிக மெலிதாக விலக்குகிறது, ஆக்சிஜன் இறங்கிய ஹீமோகுளோபினை மெலிதாக ஈர்க்கிறது என்று 1936-இலேயே வேதியியலாளர்கள் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெலும் அளந்து காட்டினார்கள். திருச்சியில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. மருத்துவமனையின் எம்ஆர்ஐ கருவியில் 1.5 டெஸ்லா, அதாவது முப்பதாயிரம் மடங்குக்கும் மேல். அதற்குள் அரை மணி நேரம் படுத்தவர்கள் ரத்த ஓட்டம் நிலைகுலையாமல்தான் எழுந்து வருகிறார்கள். பெரியவர்களின் மனத்துக்காக வடக்கைத் தவிர்ப்பதில் தவறில்லை. ஆனால் வடக்கைத் தவிர்ப்பதற்காகத் தலைமாட்டைக் கொதிக்கும் மேற்குச் சுவரில் ஒட்டினால் நஷ்டம்தான். ரங்கநாதர் மேற்கே தலை வைத்துத் தெற்கு நோக்கிப் பள்ளிகொண்டிருக்கிறாரே என்று கேட்பவர்கள் உண்டு. அவருடைய கருவறையைச் சுற்றி ஏழு மதில் இருக்கிறது. நமக்கு ஒற்றைச் சுவர்.

மேல்தளத்தில் குடியிருப்பவர்களுக்குச் சுவரைவிடக் கூரையே பெரிய பகை. உச்சிவெயில் நேராக விழும் நாலைந்து அங்குல கான்கிரீட் தளம் பகல் முழுக்கச் சூட்டை வாங்கி, அந்தி சாய்ந்த பிறகு கீழே இறக்குகிறது. மின்விசிறியால் இந்தக் கதிர்வெப்பத்தைத் தடுக்க முடியாது. அது காற்றைத்தான் தள்ளும். ஆனாலும் தோலின் வியர்வையைக் காயவைத்துச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும் வேலையை விசிறிதான் செய்கிறது. அதனால் கட்டில் விசிறிக்குக் கீழே வர வேண்டும். விசிறியின் நடுக்குமிழுக்கு நேர் கீழே காற்று மந்தமாக இருக்கும், இறக்கைகளின் வெளிப்பாதிக்குக் கீழேதான் வேகம் அதிகம். விசிறியை அறையின் நடுவில் மாட்டிவிட்டுக் கட்டிலை மூலையில் ஒதுக்கும் வழக்கத்தில் பாதிக் காற்று வெறும் தரைக்குப் போகிறது. கட்டிலை நகர்த்த முடியாவிட்டால் கொக்கியை நகர்த்துங்கள். கொசுவலை கட்டுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம், வலை காற்றின் வேகத்தை வெகுவாகக் குறைத்துவிடும்.

திருச்சிக்கு இயற்கை கொடுத்த விசிறி ஒன்றும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் விட்டுக்கொடுத்த இடைவெளி வழியாக, ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று கோவை, கரூர் கடந்து காவிரிப் படுகையில் இறங்குகிறது. வெயில் வரும் அதே மேற்கிலிருந்துதான் காற்றும் வருகிறது என்பதுதான் சிக்கல். மேற்கு ஜன்னலை அடைத்துவிட்டால் காற்று போச்சு, திறந்துவைத்தால் வெயில் வந்தாச்சு. பழைய வீட்டுக்காரர்கள் இதற்கு வெளியே தட்டி கட்டினார்கள்: மூங்கில் தட்டி, கீற்று, வசதி உள்ளவர்கள் வெட்டிவேர்த் தட்டி. வெளியே என்பதுதான் இதில் உயிர்நாடி. கண்ணாடிக்கு உள்ளே எவ்வளவு பருமனான திரைச்சீலை போட்டாலும், கண்ணாடியைத் தாண்டிய வெயில் திரையைச் சூடாக்கி அந்தச் சூட்டை அறைக்குள்ளேயே விட்டுவிடும். திரைச்சீலைக்குச் செலவழிக்க நினைத்ததில் பாதியை வெளித்தட்டிக்குச் செலவழிக்கலாம். நனைத்த வெட்டிவேரிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் முக்கால் யூனிட் மின்சாரத்துக்குச் சற்றே குறைவான வெப்பத்தைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மாலை மங்கியதும் தட்டியைச் சுருட்டிவிட்டு எதிர்ச் சுவரின் ஜன்னலையும் திறந்தால் அறைக்குள் காற்று ஓடும்.

மெத்தையைப் பற்றி ஒரு வார்த்தை. 1966-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக விமான இருக்கை மெத்தைகளுக்கென்று உருவான நுரைதான் இன்று ‘மெமரி ஃபோம்’ என்று விற்கப்படுகிறது. உடல் சூட்டில் இளகி, உருவத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும் அதன் குணம்தான் நம் ஊரில் தொல்லை. அமிழ்ந்த உடம்பின் முதுகுப்புறம் காற்றே படாது. இலவம்பஞ்சின் இழை ஒவ்வொன்றும் உள்ளே வெறுங்குழல், மேலே மெழுகுப் பூச்சு. ஈரம் ஒட்டாது, அதனாலேயே முற்காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு உடைகளில் அதை அடைத்தார்கள். அழுந்திப்போனால் வெயிலில் போட்டுத் தட்டி எடுக்கலாம். முசிறிப் பக்கம் காவிரிக் கரையில் விளையும் கோரையில் நெய்த பாயோ இன்னும் மெல்லியது, உடம்புச் சூட்டைத் தரை எளிதில் வாங்கிக்கொள்ள விடுகிறது. கோடை மூன்று மாதத்துக்கு மெத்தையின் மேல் ஒரு கோரைப்பாயை விரித்தால்கூட முதுகுக்குக் கீழே கொஞ்சம் காற்று கிடைக்கும். தரையில் படுத்து எழ முடியாத வயதானவர்களுக்குக் கயிற்றுக் கட்டிலும் நாடாக் கட்டிலும் கீழிருந்தும் காற்றைக் கொடுக்கின்றன. அவற்றைப் படுக்கையறையிலிருந்து துரத்தியது பெரும் பிழை.

அலங்காரத்தில் நான் ஒன்றே ஒன்றை வற்புறுத்துவேன். படுக்கையறையில் வெள்ளை வெளேரென்று எரியும் டியூப் லைட்டை மாற்றுங்கள். விழித்திரையில் பார்ப்பதற்கென்று அல்லாமல் பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் இருப்பது 2002-இல் தெரியவந்தது. நீல ஒளிக்கு அவை அதிகம் எழும்பும், உறக்கத்துக்கு அழைக்கும் மெலடோனின் சுரப்பதைத் தள்ளிப்போடும். கட்டிலுக்குப் பக்கத்தில், கண்ணுக்குக் கீழான உயரத்தில், மஞ்சள் ஒளி தரும் சிறிய எல்இடி விளக்கு ஒன்று போதும். சுவருக்கு எந்த வண்ணம் என்பதை அவரவர் விருப்பத்துக்கு விடலாம். வெளிச்சுவருக்கும் மொட்டை மாடிக்கும் மட்டும் வெள்ளை தவிர வேறு எதுவும் வேண்டாம், வெயிலின் பெரும்பகுதியை அது வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும்.

புதுக் கட்டில் வாங்கும் எண்ணம் இருந்தால் அதற்கு முன் ஒரு கோடை இரவில், பத்து மணிக்கு, அறையின் நான்கு சுவரிலும் கூரையிலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். எது சுடுகிறதோ அதற்கு முதலில் வைத்தியம் செய்யுங்கள். பங்குனி பிறப்பதற்குள் மொட்டை மாடிக்கு இரண்டு கை சுண்ணாம்பு அடித்துவிட்டு, கடைக்குப் பிறகு போகலாம்.