அறை இலவசம்! விருந்து இலவசம்! பணம் கட்டுவது யார்?

கண்ணாடிக் கிண்ணம் நிறைய இறால். விலை அரை டாலர்!

அமெரிக்காவில், நெவாடா மாநிலத்தில், லாஸ் வேகாஸ் என்று ஒரு நகரம். அங்கே 'கோல்டன் கேட்' என்ற சூதாட்ட விடுதி 1959-ம் ஆண்டில் இந்த விலைக்கு இறால் விற்கத் தொடங்கியது. 1991 வரை விலையை உயர்த்தவே இல்லை. மற்ற எல்லாம் விலை ஏறிற்று. அந்தக் கிண்ணம் மட்டும் ஏறவில்லை.

விடுதிக்காரருக்குக் கணக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்! இறால் தின்ன வருகிறவர் சூதாட்ட மேஜைகளைக் கடந்துதான் போக வேண்டும். கடக்கிறவர்கள் எல்லோரும் கடந்தே போய்விடுவதில்லை.

நெவாடாவில் 1931-ல் சூதாட்டத்துக்குச் சட்டம் அனுமதி கொடுத்தது. பிறகு விடுதிகள் பெருகின. போட்டியும் பெருகிற்று. ஆடுகிறவருக்கு மது இலவசம். கொஞ்சம் கூடுதலாக ஆடினால் சாப்பாடு இலவசம். இன்னும் ஆடினால் அறையே இலவசம். பெரிய புள்ளி என்றால் விமானச் செலவும் விடுதியைச் சேர்ந்தது!

இந்தச் சலுகைகளை மட்டும் அனுபவித்துவிட்டு, பணத்தைப் பறிகொடுக்காமல் ஊர் திரும்புகிற கூட்டம் ஒன்று உண்டு. தூண்டிலில் உள்ள புழுவை மட்டும் தின்றுவிட்டு நழுவும் மீன்கள்! இது சாமர்த்தியமா? அல்லது ஒருவகைத் திருட்டா?

38 போட்டால் 36

விடுதிக்கு வருமானம் எப்படி வருகிறது என்பதை முதலில் பார்க்கலாம்.

அங்கே 'ரூலட்' என்று ஒரு சுழல் சக்கரம். அதில் 38 குழிகள். 1 முதல் 36 வரை எண்கள். அவற்றோடு ஒரு பூஜ்யம், ஓர் இரட்டைப் பூஜ்யம். ஒருவர் எல்லாக் குழிகளின் மீதும் ஆளுக்கு ஒன்றாக 38 டாலர் கட்டுகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். எங்கேயாவது குண்டு விழுந்தே தீரும். ஜெயித்த டாலருடன் இன்னும் 35 டாலர் கிடைக்கும். ஆக, 38 போட்டு 36 எடுக்கிறார். மீதி 2 டாலர் விடுதிக்கு.

இதில் பித்தலாட்டம் எதுவும் இல்லை. சக்கரம் நேர்மையாகச் சுழன்றாலே போதும்!

மேற்பார்வையாளர் குறித்துக் கொள்கிறார்

சலுகையும் இந்தக் கணக்கை வைத்தே பிறக்கிறது. மேஜைக்குப் பின்னால் மேற்பார்வையாளர் ஒருவர் நிற்பார். யார் எவ்வளவு கட்டுகிறார், எவ்வளவு நேரம் உட்காருகிறார் என்று குறித்துக் கொள்வார். அந்த மனிதர் எவ்வளவு தோற்க வேண்டும் என்று ஒரு தொகை போடுவார்கள். அதில் ஒரு பங்கு, சாப்பாடாகவும் அறையாகவும் அவருக்கே திரும்பி வரும். அதாவது, அவரிடம் வாங்கப் போகும் பணத்தில் அவருக்கே விருந்து!

இதில்தான் ஒரு சந்து இருக்கிறது. 'பிளாக்ஜாக்' என்பது சீட்டாட்டம். 21-க்கு மேல் போகாமல் அதை நெருங்க வேண்டும். ஏனோதானோ என்று ஆடுகிறவர் 100 டாலருக்கு 2 டாலர் வீதம் இழப்பார் என்று விடுதி கணக்குப் போட்டால், முறையாகக் கற்று ஆடுகிறவருக்கு அரை டாலர்தான் நஷ்டம். மணிக்கு 60 ஆட்டம் என்று விடுதி எண்ணும். மேஜையில் கூட்டம் இருந்தால் 40-தான் நடக்கும்.

ஒருவர் 25 டாலர் வீதம் 4 மணி நேரம் ஆடுகிறார். விடுதியின் ஏட்டில் அவர் கட்டிய தொகை 6,000; தோற்க வேண்டியது 120. அதில் மூன்றில் ஒரு பங்கு என்றால் 40 டாலர் சலுகை. உண்மையில் அவர் கட்டியது 4,000. சராசரியாகத் தோற்பது 20 டாலர்தான்! 20 கொடுத்து 40 பெறுகிறார்.

மாக்ஸ் ரூபின் என்ற சூதாட்ட நிபுணர் 1994-ல் 'காம்ப் சிட்டி' என்று ஒரு புத்தகமே எழுதிவிட்டார். 'காம்ப்' என்றால் விடுதி தரும் சலுகை. மேற்பார்வையாளர் பார்க்கும்போது பெரிய தொகை கட்டுவது, அவர் அப்பால் போனதும் குறைத்துக் கொள்வது, அடிக்கடி எழுந்து போய் நேரத்தைக் கடத்துவது — இப்படி எத்தனையோ வித்தைகள்.

கூட்டமான மேஜையைத் தேடி உட்காருவதை யாரும் குற்றம் சொல்ல முடியாது. முறையாக ஆடக் கற்பதும் அப்படியே. ஆனால் பார்க்கும்போது ஒரு தொகை, பார்க்காதபோது ஒரு தொகை என்பது நடிப்பு. சட்டம் சும்மா இருக்கலாம். மனச்சாட்சி சும்மா இருக்குமா?

விடுதி மட்டும் யோக்கியமா என்று அவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியிலும் நியாயம் உண்டு. சீட்டுகளை மனத்திலேயே எண்ணி ஆடுகிறவரை நெவாடா விடுதிகள் வெளியே அனுப்பிவிடலாம். மூளையை உபயோகித்ததுதான் அவர் செய்த குற்றம்! நியூ ஜெர்சியில் மட்டும் அப்படி விரட்டக் கூடாது என்று அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 1982-ல் தீர்ப்பளித்தது.

எஃகு ஆலையில் சூதாட்டம்

பஸ்ஸில் வருகிறவர்களின் கதை வேறு. நியூ ஜெர்சியில் அட்லாண்டிக் சிட்டி என்ற கடற்கரை ஊரில் 1978-ல் முதல் சூதாட்ட விடுதி திறந்தது. பக்கத்து நகரங்களிலிருந்து பஸ் பஸ்ஸாக முதியவர்கள் வந்தார்கள். இறங்கியதும் கையில் ஒரு சுருள் கால் டாலர் நாணயங்களைக் கொடுப்பார்கள். எந்திரத்தில் போட்டு ஆடுவதற்கு! சிலர் அதை அப்படியே பையில் போட்டுக் கொண்டு, கடற்கரைப் பலகை நடைபாதையில் காற்று வாங்கிவிட்டு வீடு திரும்பினார்கள். இவர்கள் மேல் கோபம் கொள்ள யாருக்கு மனம் வரும்?

பென்சில்வேனியா மாநிலத்தில் பெத்லகேம் என்ற ஊர். அங்கே பெரிய எஃகு ஆலை இருந்தது. ஆலை மூடிய இடத்தில் 2009-ல் சூதாட்ட விடுதி வந்தது. நியூயார்க்கிலிருந்து பஸ் கட்டணம் 15 டாலர். ஏறியவருக்கு 45 டாலருக்கு ஆட்டச் சீட்டு! வேலையில்லாத ஏழைகள், பெரும்பாலும் ஆசியாவிலிருந்து குடியேறியவர்கள், அந்தச் சீட்டைச் சூதாடிகளிடம் விற்றுக் காசாக்கினார்கள். பஸ் திரும்பும் வரை சும்மா உட்கார்ந்திருந்தார்கள். வீடில்லாத சிலர் பஸ்ஸிலேயே தூங்கினார்கள். விடுதி கொடுத்த சலுகை அவர்களுக்கு அன்றைய கூலி.

அடுத்த நாற்காலி

இத்தனை இலவசங்களுக்கும் யார் பணம் கட்டுகிறார்கள்? விடுதி கட்டுவதில்லை. அடுத்த நாற்காலியில் இருப்பவர் கட்டுகிறார்! வாடகைப் பணத்தோடு வந்தவர், விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று விடியும் வரை உட்கார்ந்தவர், அவர் தோற்ற காசில்தான் சாமர்த்தியசாலியின் அறைக்கு விளக்கு எரிகிறது. அவர் அந்த ஆளின் பையில் கை விடவில்லை என்பது உண்மைதான். சாப்பிட்டது யார் வீட்டுச் சாப்பாடு என்பதும் உண்மைதான்.

மது கொண்டு வரும் பெண்ணையும், சீட்டுப் போடும் ஊழியரையும் சிலர் மறந்துவிடுகிறார்கள். அவர்கள் வருமானத்தில் பெரும் பகுதி விருந்தினர் தரும் இனாம். எல்லாம் இலவசம் என்று வந்தவர் அதையும் கொடுக்காமல் போனால், நஷ்டம் முதலாளிக்கு அல்ல.

சலுகைக் கடிதம் யார் வீட்டுக்குப் போகிறது என்று பார்த்தால் எல்லாம் விளங்கிவிடும். இழக்காதவருக்குக் கடிதம் குறைந்து, பிறகு நின்றே போகும். நிறைய இழந்தவருக்கு அடுத்த முறை இன்னும் பெரிய அறை!

இதனால் நியூ ஜெர்சி, பென்சில்வேனியா மாநிலங்களில் ஓர் ஏற்பாடு உண்டு. "என்னை உள்ளே விடாதீர்கள்" என்று ஒருவர் தாமே எழுதிக் கொடுக்கலாம். பெயர் பட்டியலில் ஏறிய பிறகு அவருக்கு இலவச அறைக் கடிதம் அனுப்பக் கூடாது. அதையும் மீறி அவர் உள்ளே நுழைந்து ஜெயித்தால், ஜெயித்த பணம் அவருக்குக் கிடையாது.